அகலக்கால்

எங்கள் உரக்கடையில் கல்லாவுக்கு மேலே மூன்று படங்கள் மாட்டியிருக்கும். எங்கள் ஊர்ச் சாமி செஞ்சடையப்பர், தாத்தா, அப்பா. அப்பா இருந்தவரை, கடனுக்கு யூரியா வாங்கிக்கொண்டு யாராவது படியிறங்கியதும் என் பக்கம் திரும்பி ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: "அகலக்கால் வச்சிராதடா." குறுவைக்குக் கொடுத்தது சம்பா அறுத்தும் வராமல் போன கணக்குகள் அவருடைய நோட்டில் நிறைய உண்டு. பட்டுச் சொன்ன பேச்சு அது.

அப்பா போய் 6 வருஷம் ஆகிறது. கடன் விஷயத்தில் இன்றைக்கும் அவர் சொன்னபடிதான் நடக்கிறேன். ஆனால் வாரத்தில் இரண்டு நாள், விடிகாலை ஐந்தரை மணிக்கு, கும்பகோணம் சாலையில் ஒரு ஜிம்முக்குப் போய் வேண்டுமென்றே அகலக்கால் வைக்கிறேன். சுமோ டெட்லிஃப்ட்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தரையில் ஒரு இரும்புக் கம்பி கிடக்கும். பார் என்போம். இரண்டு முனையிலும் தட்டுகள் மாட்டியிருக்கும். குனிந்து இரண்டு கையாலும் பிடித்து, முழங்காலும் இடுப்பும் நேராகும்வரை நிமிர்ந்து நிற்க வேண்டும். பிறகு கீழே வைத்துவிட வேண்டும். டெட்லிஃப்ட் என்பது அவ்வளவுதான். என் அத்தையிடம் இதை விளக்கியபோது, "திரும்ப அங்கயே வைக்கிறதுக்கு எதுக்குடா எடுக்குற?" என்று கேட்டார். இன்றுவரை அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இதை இரண்டு விதமாக எடுக்கலாம். கால்களை இடுப்பளவு அகலத்தில் வைத்து, கைகள் கால்களுக்கு வெளியே வரும்படி பிடித்தால் அது கன்வென்ஷனல். நாம் வழக்கமாகப் பார்க்கிற முறை. கால்களை நன்றாக அகட்டி, பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி, கைகளைத் தொடைகளுக்கு நடுவே இறக்கிப் பிடித்தால் அது சுமோ. ஜப்பான் மல்லர்கள் களத்தில் காலை அகட்டிக் குந்தி நிற்பார்களே, அந்த நிலையை வைத்து வந்த பெயர்.

எங்கள் திருப்பனந்தாள், காசி மடத்தாலும் செந்தமிழ்க் கல்லூரியாலும் பேர் வாங்கிய ஊர். இங்கே எதையும் தமிழில் பெயர் வைக்காமல் விடமாட்டார்கள். அந்தக் கல்லூரியில் படித்த நண்பர் ஒருவர் டெட்லிஃப்டுக்குத் "தரைத்தூக்கு" என்று உடனே பெயர் சூட்டிவிட்டார். "அதுல 'டெட்' எங்கேர்ந்து வந்துச்சு?" என்று அடுத்த கேள்வி. எடை ஒவ்வொரு முறையும் தரையில் அசைவில்லாமல் கிடக்கும், துள்ளலோ ஆட்டமோ துணைக்கு வராது, உயிரில்லாத கனத்தை எடுக்க வேண்டும் என்றேன். "அப்ப பொணக்கனம்னு சொல்லு. நம்ம ஊர்ல எப்பவோ பேர் வச்சாச்சு" என்றார். சரிதான். மூட்டை அசையாதபோது எங்கள் கடை வாசலில் தினமும் கேட்கிற வார்த்தை அது.

மூட்டை என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். உரக்கடைக்காரன் எடை தூக்குகிறான் என்றால், பிறந்ததிலிருந்து மூட்டை தூக்கி வளர்ந்தவன் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். யூரியா முன்னே 50 கிலோ மூட்டை. 2018லிருந்து 45 கிலோ. டி.ஏ.பி. 50. கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டை 40 கிலோ. இவ்வளவும் நடமாடுகிற ஊரில் டெட்லிஃப்ட் எல்லோருக்கும் ரத்தத்திலேயே இருக்கும் என்றுதான் நானும் நம்பினேன். எங்கள் கடையில் 30 வருஷமாகச் சுமை இறக்குகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய், "தரையிலேர்ந்து மூட்டையைத் தூக்குறப்ப முதுகை எப்படிண்ணே வச்சுக்குவீங்க?" என்று நோட்டும் பேனாவுமாகக் கேட்டேன். ஏதோ பரம்பரை ரகசியம் வரப்போகிறது என்று எதிர்பார்ப்பு.

"நாங்க எங்க தம்பி தரையிலேர்ந்து தூக்குறோம்?" என்றார்.

யோசித்துப் பார்த்தால் உண்மை. லாரியின் தளமே தோள் உயரம். மேலே இருப்பவர் மூட்டையை விளிம்புக்கு நகர்த்துவார், கீழே இருப்பவர் முதுகைக் கொடுப்பார். தரையில் கிடக்கிற மூட்டை என்றால் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒரு வீச்சில் மூன்றாமவர் முதுகிலோ சும்மாடு வைத்த தலையிலோ ஏற்றிவிடுவார்கள். சுமப்பதற்கு ஒரு ஆள், ஏற்றுவதற்கு இரண்டு ஆள். தரையிலிருந்து இடுப்புவரை வருகிற அந்த முக்கால் மீட்டர்தான் உடம்பை உடைக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு, அதை ஒற்றை ஆள் தலையில் கட்டாமல் வைத்திருக்கிறது அந்தத் தொழில். நாங்கள்தான் அதை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து, மாதாமாதம் ஜிம்முக்குப் பணம் கட்டிச் செய்கிறோம்.

நான் தொடங்கியது கன்வென்ஷனலில்தான். 37 வயதில், சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு. முதல் வருஷம் எடை ஏறிக்கொண்டே போனது. 60, 80, 100. நூறு கிலோ தூக்கிய அன்று கடை வாசலில் நிற்கிற ஆட்டோவையே தூக்கிவிடலாம் போலிருந்தது. 120ஐத் தாண்டிய பிறகு முதுகு கேள்வி கேட்க ஆரம்பித்தது. எனக்குத் தொடை நீளம், கை குட்டை. நேராக நின்றால் விரல் நுனி பாதித் தொடையைக்கூட ஒழுங்காக எட்டாது. இப்படிப்பட்ட உடம்பு தரையிலுள்ள பாரைப் பிடிக்கக் குனியும்போது, நீளத் தொடை இடுப்பைப் பின்னால் தள்ளிவிடும். குட்டைக் கை நெஞ்சைக் கீழே இழுத்துவிடும். முதுகு ஏறக்குறைய தரைக்கு இணையாகப் படுத்துவிடும். 140 வைத்த ஒரு காலையில் பார் முழங்காலுக்குக் கீழே வந்து நின்றுவிட்டது. விட்டிருக்கலாம். பக்கத்தில் இரண்டு பையன்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விடவில்லை. முதுகு கொக்கிபோல வளைந்து, எப்படியோ நிமிர்ந்தேன். அன்று சாயங்காலம் கல்லாவிலிருந்து எழுந்திருக்கக் கை ஊன்ற வேண்டியிருந்தது. யாரும் காரணமில்லை. முழுக்க என் வீம்பு.

ஆறு வாரம் சும்மா இருந்த பிறகு, ஜிம்மில் பழக்கிவிடுகிற தம்பி சொன்னார்: "அண்ணே, சுமோ பண்ணிப் பாருங்க. உங்க உடம்புக்கு அதுதான் செட்டாகும்." கூடவே அந்த இரண்டு பையன்களில் ஒருவன், "சுமோ ஏமாத்து வேலைண்ணே" என்றான். அதைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் ஏமாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள். யூடியூபில் பார்த்தபடி கால் விரல்கள் தட்டுகளை இடிக்கிற அளவுக்கு அகட்டினேன். பாரில் 80 கிலோதான். கன்வென்ஷனலில் அது எனக்குக் கை சூடேற்றுகிற எடை. இழுத்தேன். பார் அசையவில்லை. முழங்கால்கள் மட்டும் உள்ளே வந்து ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. இன்னும் இழுத்தேன். தொடையிடுக்கில் சுரீரென்றது. அடுத்த மூன்று நாள் உள்தொடை இறுகிப்போய், உறவினர் வீட்டுக் காதுகுத்தில் பந்தியில் சம்மணம் போட்டு உட்கார முடியாமல், டேபிளில் பெரியவர்களோடு சாப்பிட்டேன். அகலக்கால் வைக்காதே என்றால் அர்த்தம் கடனோடு முடிவதில்லை.

பழக்குகிற தம்பி பிறகு சொன்ன கணக்கு எளிமையானது. குனிந்து பாரைப் பிடித்திருக்கும்போது, முன்னாலிருந்து பார்த்தால் கணைக்கால் செங்குத்தாகத் தெரிய வேண்டும். கால் அதிகம் அகன்றிருந்தால் பாதம் முழங்காலுக்கு வெளியே போய்விடும். கணைக்கால் உள்பக்கம் சாயும். குறுகியிருந்தால் முழங்கால் கையை இடிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவரவருக்கான அகலம். எனக்கு அது குதிகாலுக்குக் குதிகால் 68 சென்டிமீட்டர் என்று வந்தது. மேடையில் நன்றாகத் தூக்குகிறார் என்று இன்னொருவரின் அகலத்தைக் காப்பியடிப்பதில் பிரயோஜனமில்லை, ஏனென்றால் இது உடம்பு எவ்வளவு வளைந்துகொடுக்கும் என்கிற சமாசாரம் மட்டும் அல்ல. தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பின் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் குழி எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, எலும்பின் கழுத்து எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் வேறு. சிலருக்குக் காலை அகட்ட அகட்ட இடம் கிடைக்கும். சிலருக்கு ஒரு கட்டத்தில் எலும்போடு எலும்பு முட்டி நின்றுவிடும். அதற்கு மேல் எந்தப் பயிற்சியும் வழி திறக்காது.

அடுத்து பாதத்தின் கோணம். முழங்கால் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் கால் விரல்களும் பார்க்க வேண்டும். சொல்ல ஒரு வரிதான். பழக எனக்கு ஒரு மாதம் ஆனது. முழங்காலை வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், தள்ள மறந்த நொடியில் உள்ளே வந்துவிடும். காலுக்குக் கீழே தரையைப் பாய்போல இரண்டு பக்கமும் விரிக்கிறதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அது உதவியது. செருப்பில்லாமல் நின்றதும் உதவியது. மெத்தென்ற ஷூ போட்டு எடை தூக்குவது சேற்றில் நின்று தூக்குவது மாதிரி.

மூன்றாவதுதான் பெரிய சிக்கல்: இடுப்பு. சுமோவைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் அது பஸ்கி எடுப்பது போல, நன்றாகக் கீழே உட்கார்ந்து எழுந்திருக்கிற வேலை என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். தண்ணீர் பாட்டிலில் செல்போனைச் சாய்த்து வைத்துப் படமெடுத்துப் பார்த்தபோது தெரிந்தது: பார் தரையை விட்டு வருவதற்கு முன்பே என் இடுப்பு ஒரு சாண் மேலே எழும்பிவிடுகிறது. அதாவது, நான் எங்கே உட்கார்ந்தாலும் உடம்பு தனக்கு வேண்டிய உயரத்துக்குப் போய்த்தான் இழுக்கிறது. அந்த உயரத்திலேயே முதலில் நின்றுவிட்டால் என்ன? அப்படிச் செய்ததும் பாதி சிக்கல் தீர்ந்தது. இடுப்பைக் கீழே இறக்குவதல்ல வேலை. முழங்காலை ஒதுக்கி வழிவிட்டு, இடுப்பை முன்னால், பாருக்குப் பக்கத்தில் கொண்டுவருவது. இடுப்பு பாரை நெருங்கிவிட்டால் முதுகு தானாக நிமிர்கிறது. குட்டைக் கைக்காரனான எனக்கு இது பெரிய வரம்.

இதற்கிடையில் எங்கள் ஜிம்மின் தட்டுகள் வேறு. போட்டிகளில் பயன்படுத்துகிற பெரிய தட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர். அதனால் பார் தரையிலிருந்து இருபத்திரண்டரை சென்டிமீட்டர் உயரத்தில் கிடக்கும். எங்கள் ஊர்ப் பக்கத்து ஜிம்களில் உள்ள வார்ப்பிரும்புத் தட்டுகள் சின்னவை. பார் இன்னும் தாழக் கிடக்கும். நான் மர வாடியில் இரண்டு பலகைத் துண்டு அறுத்து வாங்கி, தட்டுகளுக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன். இதற்கும் ஏமாற்று என்று ஒரு குரல் வந்தது.

இனி தொய்வு. பாருக்கும் தட்டின் துளைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும். பாரும் கொஞ்சம் வளையும். நம் கையும் தோளும் தளர்ந்திருக்கும். இந்தத் தொய்வை எல்லாம் எடுக்காமல் ஒரே வெட்டாக வெட்டி இழுத்தால், கை சுண்டும், முதுகு வளையும், பார் கிடந்த இடத்திலேயே கிடக்கும். தேர் வடம் பிடித்தவர்களுக்கு இது தெரியும். வடம் தளர்ந்து கிடக்கும்போது ஆளாளுக்கு வெட்டி இழுத்தால் உள்ளங்கைதான் உரியும். முதலில் எல்லோரும் பின்னால் சாய்ந்து வடத்தை விறைக்க வைக்க வேண்டும். விறைத்த பிறகுதான் இழுப்பு. சுமோவில் இது கன்வென்ஷனலைவிட முக்கியம். கன்வென்ஷனலில் கொஞ்சம் அவசரப்பட்டாலும் பார் கிளம்பிவிடும், தண்டனை முழங்கால் உயரத்தில்தான். சுமோ தரையிலேயே தண்டிக்கிறது.

எங்கள் ஊர்க் கோயில் கதை இங்கே வராமல் போகாது. தாடகை என்கிற பெண் மாலை சார்த்தக் கையைத் தூக்கியபோது ஆடை நெகிழ, அவள் சங்கடப்படாமலிருக்க லிங்கம் தலை சாய்த்து மாலையை ஏற்றுக்கொண்டதாம். அதனால்தான் கோயிலுக்குத் தாடகையீச்சரம் என்று பெயர். சாய்ந்த லிங்கத்தை நிமிர்த்த அரசன் யானைகளைக் கட்டி இழுத்தும் நடக்கவில்லை. கடவூரிலிருந்து வந்த குங்கிலியக்கலய நாயனார் தன் கழுத்தில் கயிற்றை மாட்டி இழுத்தார், நிமிர்ந்தது. பெரியபுராணம் சொல்கிற கதை. யானை வெட்டி இழுத்திருக்கும், கலயர் தொய்வை எடுத்து இழுத்திருப்பார் என்று ஒரு நாள் நண்பரிடம் சொல்லிப் பார்த்தேன். "அது அன்பு. அதுல உன் தரைத்தூக்கைக் கொண்டாந்து கலக்காதே" என்று கோபித்துக்கொண்டார். வாபஸ் வாங்கிவிட்டேன். ஆனாலும் ஊர்க்காரனாக ஒரு பெருமை உண்டு. இழுத்து நிமிர்த்துவதையே தலபுராணமாகக் கொண்ட ஊர் வேறு எங்கே இருக்கிறது?

தொய்வெடுத்த பிறகு வருவது பொறுமை. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. கன்வென்ஷனலில் பார் தரையை விட்டுச் சட்டென்று கிளம்பும், முழங்காலைத் தாண்டுவதில்தான் போராட்டம். சுமோவில் தலைகீழ். முழு பலத்தோடு தள்ளிக்கொண்டிருப்போம், ஒன்றுமே நடக்காது. ஒரு நொடி. ஒன்றரை நொடி. சிமெண்ட்டில் புதைத்து வைத்த மாதிரி இருக்கும். மூளை "இது வராது, விடு" என்று சொல்லும். நான் முதல் இரண்டு மாதமும் அந்த இடத்தில் விட்டுக்கொண்டிருந்தேன். 110 எனக்கு வராது என்றே நம்பிவிட்டேன். ஒரு நாள் பழக்குகிற தம்பி பக்கத்தில் நின்றுகொண்டு, "நான் மூணு எண்ணுற வரைக்கும் விடாதீங்கண்ணே" என்றார். இரண்டு என்று சொல்லும்போது தட்டுக்கும் பலகைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. அப்புறம் வழுக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டது. தரையை விட்ட சுமோ பெரும்பாலும் திரும்பிப் பார்க்காது.

இறக்கும்போது கால் விரல்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். அகட்டிய கால், தட்டுகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இதை அனுபவத்தில் கற்றுக்கொள்ள வேண்டாம்.

சரி, ஏமாற்று விவகாரம். பையன் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. கால் அகன்றால் ஆள் குட்டையாகிறான், பார் போக வேண்டிய தூரம் குறைகிறது. இஞ்சு டேப் வைத்து அளந்து பார்த்தேன்: கன்வென்ஷனலில் எனக்கு 56 சென்டிமீட்டர், சுமோவில் 47. அமெரிக்காவில் எஸ்கமில்லா என்பவரும் குழுவினரும் ஒரு தேசியப் போட்டியில் 12 சுமோக்காரர்களையும் 12 கன்வென்ஷனல்காரர்களையும் கேமராவில் பிடித்து ஆராய்ந்து 2000இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சுமோக்காரர்களின் கால் இடைவெளி சராசரி 70 சென்டிமீட்டர், மற்றவர்களுடையது 32. தூரமும் அதனால் ஆகிற வேலையும் கன்வென்ஷனலில் 25 முதல் 40 சதவீதம்வரை அதிகம் என்று கணக்கு வந்தது. பையனிடம் இதை நானே காட்டினேன். குதித்தான்.

அப்படியானால் எல்லோரும் சுமோவுக்கு மாறி உலக சாதனை செய்திருக்க வேண்டுமே? செய்யவில்லை. லாமர் கான்ட் என்கிற அமெரிக்கர் 1985இல் 60 கிலோ பிரிவில் 300 கிலோ தூக்கினார், தன் எடையைப் போல் ஐந்து மடங்கு. அவர் கன்வென்ஷனல். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்த மனிதர் வேறு. எட் கோன் 1991இல் 901 பவுண்டு, அதாவது 408 கிலோவுக்கும் மேல் எடுத்தார், 100 கிலோகூட இல்லாத உடம்பை வைத்துக்கொண்டு. அவர் சுமோ. 2016இல் முதன்முதலாக 500 கிலோ தூக்கிய எடி ஹால் கன்வென்ஷனல். அது ஸ்ட்ராங்மேன் மேடை, அங்கே சுமோவுக்கு அனுமதியே இல்லை. பவர்லிஃப்டிங்கில் இரண்டும் செல்லும். ஆனாலும் பெரிய எடைப் பிரிவுகளில் சுமோக்காரர்கள் குறைவு. தொடையும் வயிறும் பெருத்தவர்களுக்குக் காலை அகட்டிப் பாருக்கு அருகே போவதே பாடு. சின்ன எடைப் பிரிவுகளிலும் பெண்கள் பிரிவுகளிலும் சுமோ அதிகம். தூரம் குறைகிறதே தவிர, இரும்பு அதே இரும்புதான். சுமை முதுகிலிருந்து கொஞ்சம் நகர்ந்து முன்தொடைக்கும் உள்தொடைக்கும் போகிறது. 1991இல் வந்த இன்னொரு ஆய்வில், இடுப்புக்கு மேலே கடைசி முதுகெலும்புகளில் விழும் திருப்புவிசை சுமோவில் சுமார் 10 சதவீதம் குறைவு என்று கண்டார்கள். எனக்கு அந்த 10 சதவீதம்தான் வேண்டியிருந்தது. நான் போட்டிக்குப் போகவில்லை. கல்லாவிலிருந்து கை ஊன்றாமல் எழுந்திருக்க வேண்டும்.

இந்தப் பேச்சில் எப்போதும் யாராவது சதீஷ் சிவலிங்கம் பெயரை இழுப்பார்கள். "வேலூர்க்காரர் காமன்வெல்த்தில தங்கம் வாங்குனாரே, அவர் சுமோவா பண்ணாரு?" 2014 கிளாஸ்கோ, 2018 கோல்டு கோஸ்ட், இரண்டிலும் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கியவர். மரியாதை முழுக்க உண்டு. ஆனால் அது வெயிட்லிஃப்டிங், தலைக்கு மேலே தூக்குகிற விளையாட்டு. டெட்லிஃப்ட் அதில் ஒரு போட்டியே இல்லை. பார் இடுப்பைத் தாண்டி மேலே பறக்க வேண்டியிருப்பதால் அங்கே காலை இவ்வளவு அகட்ட வழியில்லை. இந்த வித்தியாசத்தை ஊரில் விளக்கி விளக்கியே எனக்கு வாய் வலிக்கிறது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கன்வென்ஷனலை நான் விடவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, 90 கிலோவுக்கு மேல் போகாமல், மெதுவாகச் செய்கிறேன். இடுப்பிலிருந்து மடிவது என்றால் என்ன என்பதை அதுதான் கற்றுக்கொடுத்தது. மடிவதைச் சரியாகச் செய்கிறவர்களைப் பார்க்க வேண்டுமானால் ஜிம்முக்குப் போக வேண்டியதில்லை. ஜூன், ஜூலையில் மண்ணியாற்றுப் பக்கம் குறுவை நடவு நடக்கும்போது வரப்பில் நின்றால் போதும். காலைக் கொஞ்சம் அகட்டி, முழங்காலை லேசாகத் தளர்த்தி, இடுப்பிலிருந்து பலகைபோல மடிந்து, இடது கையில் நாற்றுமுடியும் வலது கையில் நாற்றுமாகப் பின்னாலேயே நகர்ந்து போவார்கள். முதுகில் கூன் தெரியாது. வீடியோ எடுத்து ஜிம்மில் காட்டலாம் என்று செல்போனை நீட்டியபோது ஓர் அம்மா நிமிர்ந்து, "படம் புடிக்கிறவரு இஞ்ச எறங்கி ரெண்டு முடி நட்டுட்டுப் புடிங்க" என்றார். இறங்கினேன். 20 நிமிஷம். மறுநாள் பின்தொடை இரண்டும் கயிறு முறுக்கின மாதிரி இருந்தது. அவர்களுக்கு அது காலையில் முதல் 20 நிமிஷம். சாயங்காலம்வரை நடவு இருந்தது, இடுப்பு வலியும் இருந்தது. அதை அழகு என்று மட்டும் பார்க்க இப்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

போன மாதம் சுமோவில் 150 வந்தது. முதுகு வளையவில்லை, வீடியோ இருக்கிறது. "ஏமாத்து" என்று சொன்ன பையன் தன் கன்வென்ஷனலில் 180 தூக்குகிறான், 23 வயது, கை முழங்காலைத் தொடும் நீளம். அவன் சுமோ முயற்சி செய்த அன்று 120இல் பார் தரையை விட்டு வரவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று எண்ணினேன். அவன் இரண்டில் விட்டுவிட்டான்.

அதற்கு அடுத்த நாள் கடைக்கு டி.ஏ.பி. லோடு வந்தது. அட்டியிலிருந்து ஒரு மூட்டை சரிந்து தரையில் விழுந்துவிட்டது. சுமை அண்ணன் லாரி மேல் இருந்தார், உதவி ஆள் டீக்கடையில். நானே எடுத்துவிடலாம் என்று போனேன். மூட்டைக்கு இரண்டு பக்கமும் கால் வைத்து நின்றேன். பார் மாதிரி இது கணைக்காலை இடிக்காது. கால்களுக்கு நடுவே, நம் எடைக்கு நேர் கீழே கிடக்கிறது. மூட்டை தூக்கச் சுமோதான் சரி. பாதங்களைத் திருப்பினேன், முழங்காலை ஒதுக்கினேன், இடுப்பை முன்னால் கொண்டுவந்தேன், சாக்கின் இரண்டு காதையும் பிடித்துத் தொய்வை எடுத்தேன்.

"தம்பி," என்றார் மேலேயிருந்து, "வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு அப்புறம் காலை அகட்டுங்க."

தாமதமாகச் சொன்னார்.